பாதி விலை மோட்டார்

நாங்குநேரி வட்டாரத்தில் பயிருக்குத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். அம்பாசமுத்திரத்தையும் பாளையங்கோட்டையையும் செழிக்க வைக்கிற தாமிரபரணிக் கால்வாய்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மணிமுத்தாறு அணையின் கால்வாயில் வருவதும், பச்சையாறும் நம்பியாறும் மழைக்காலத்தில் கொண்டுவருவதும் குளத்துக்கு வந்து சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாழையோ நெல்லோ காய்கறியோ, பயிர் கரையேறுவது மோட்டார் ஓடுவதைப் பொறுத்தது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப் செட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், கிணற்றுப் பாசனக்காரர் கைக்காசு போட்டு வாங்கிக் காப்பாற்ற வேண்டியவை மோட்டாரும் கேபிளும் ஸ்டார்ட்டர் பெட்டியும்தான். அவை ஊரைவிட்டுத் தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்தில் ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடக்கின்றன. மோட்டார் திருட்டு, கேபிள் திருட்டு, காற்றாலையில் செம்புக் கம்பி திருட்டு என்ற செய்திகள் நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பைப் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. அந்தச் செய்திகளில் பிடிபட்டவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். அவரிடமிருந்து அந்தச் சாமானை வாங்கியவரைப் பற்றிப் பல நேரம் ஒரு வரிகூட இருக்காது. விடுபட்டுப்போகிற அந்த ஆளைப் பற்றியே இங்கே பேச வேண்டியிருக்கிறது.

பணத்தைத் திருடினால் திருடியவரே செலவழிக்கலாம். அரிசியைத் திருடினால் சமைத்துச் சாப்பிடலாம். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைத் திருடியவர் அதை வைத்து என்ன செய்வார்? அவருக்குக் கிணறும் இல்லை, இணைப்பும் இல்லை. பத்துத் தோட்டத்துக் கேபிளைச் சுருட்டி வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்தச் சாமானுக்கு அவர் கையில் மதிப்பே கிடையாது. இன்னொருவர் காசு கொடுக்கும் நிமிஷத்தில்தான் மதிப்பு பிறக்கிறது. தொழில் சாமான் திருட்டுக்கும் மற்றத் திருட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. தச்சரின் ரம்பம், கொத்தனாரின் வைப்ரேட்டர், எலக்ட்ரீஷியனின் டிரில்லிங் மெஷின், கட்டட வேலைக்கு அடுக்கிவைத்த சென்ட்ரிங் தகடு, டிராக்டர் பேட்டரி ஆகிய எல்லாமே வாங்க ஆள் இருந்தால்தான் திருடு போகும். எங்கே போட்டால் கேள்வி கேட்காமல் காசு கிடைக்கும் என்பது தெரிந்த பிறகே கம்பி வெட்டும் கட்டர் கையில் ஏறுகிறது. எனவே, ஏற்கெனவே நடந்து முடிந்த குற்றத்தின் கடைசியில் தற்செயலாக வந்து நிற்பவராக வாங்குகிறவரைக் கருத முடியாது. இனி நடக்கப்போகும் திருட்டுக்கு முன்பணம் கொடுப்பவர் அவர். திருட்டுச் சாமானை வாங்குவது தவறு என்று சொல்லும்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேபிளையே எடுத்துக்கொள்வோம். நீர்மூழ்கி மோட்டாருக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பிக் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 67 கிராம் செம்பு இருக்கும். கிணற்று வாயிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டி வரையும் உள்ளே மோட்டார் வரையும் சேர்த்து ஐம்பது மீட்டர் என்று வைத்தால் மூன்றே கால் கிலோவுக்குச் சற்று மேல். மேலே உள்ள பி.வி.சி. உறையோடு விற்றால் அதற்கு நல்ல விலை கிடைக்காது. உறையைக் கத்தியால் உரிக்க நேரமாகும் என்பதால் ஓடைக்கரையிலோ உடைமரக் காட்டுக்குள்ளோ போட்டு எரிப்பார்கள். எரித்த செம்பு கறுத்துப்போயிருக்கும். கையில் தொட்டால் கரி ஒட்டும். வளைத்தால் சில இடங்களில் முறியும். முறையாக உரித்து எடுத்த செம்பு பளபளவென்று இருக்கும், விலையும் கூட. எடைக்கு எடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகாது. மோட்டாரிலும் இதே கதைதான். உடலில் ரிவெட் அடித்துப் பதித்த பெயர்த் தகட்டில் குதிரைத்திறனும் வரிசை எண்ணும் இருக்கும். அந்தத் தகட்டைப் பெயர்த்துவிட்டு, உள்ளே காயில் நன்றாக இருக்கிற மோட்டாரைச் செகண்ட்ஸ் என்று கொண்டுவந்தால், பெயர்த்த ரிவெட் துளைகளே பாதி வாக்குமூலம். இந்தத் தொழிலில் இருப்பவர் கண்ணுக்குத் திருட்டுச் சாமான் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அதைப் பார்த்த பிறகும் தராசில் வைப்பது, பார்க்காததுபோல் இருக்கத் தீர்மானித்துவிட்டதற்கு அடையாளம்.

விற்கிறவர் பெறுவதும் பறிகொடுத்தவர் இழப்பதும் ஒரே தொகை அல்ல என்பது இந்தக் கணக்கின் அடுத்த வரி. கறுத்துப்போன மூன்றே கால் கிலோ செம்புக்குக் கிடைப்பது சில நாள் கூலி. தோட்டக்காரர் புதுக் கேபிள் வாங்க வேண்டும், ஆள் வைத்து மோட்டாரை ஏற்றி இறக்க வேண்டும், எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை பயிர் காத்திருக்காது. குலை தள்ளும் நேரத்தில் வாழைக்குத் தண்ணீர் தவறினால் காய் திரளாது. பால்பிடிக்கும் நேரத்தில் நெல்லுக்குத் தவறினால் பதராகும். ஊருக்கு வெளியே நிற்கும் டிரான்ஸ்பார்மரின் எண்ணெயைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றை எடுத்துப்போனால், ஒருவர் தோட்டம் மட்டும் நிற்காது. அந்த இணைப்பில் உள்ள அத்தனை கிணறும் நின்றுவிடும். செம்பின் உலகச் சந்தை விலை 2024 மே மாதம் டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. பிரிட்டனில் ரயில் பாதைக் கேபிள் திருட்டை ஆராய்ந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், செம்பு விலை ஏறினால் திருட்டு ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது என்று காட்டினார்கள். உலகச் சந்தையின் விலை நாங்குநேரித் தோட்டம் வரை வந்து சேர்வது எடைக்கு எடுக்கும் கடை வழியாகத்தான். அந்த வாசலில் கேள்வி இருந்தால் விலை எவ்வளவு ஏறினாலும் பயனில்லை. அங்கே கேள்வி இல்லாதபோது ஒவ்வொரு விலையேற்றமும் தோட்டக்காரருக்கு மிரட்டலாகிவிடுகிறது.

தொழில் சாமானை மற்றப் பொருள்போலக் கருதக் கூடாது என்பது பழைய அறிவு. கடன் கட்டாதவரின் சொத்தை ஜப்தி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கும் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமே, 60-ஆம் பிரிவில் சிலவற்றைத் தொடக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறது. கைவினைஞரின் கருவிகளும், விவசாயியின் உழவுச் சாதனங்களும், பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைநெல்லும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நியாயமான கடனுக்காகக்கூட ஒருவரின் பிழைப்புக் கருவியைப் பறிக்கக் கூடாது என்பதே அதன் பொருள். நெல்லைச் சீமையில் பல வீடுகளில் படிக்கப்படும் வேதாகமத்தின் உபாகமம் நூலும், திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்று விதிக்கிறது. அதை எடுப்பது பிழைப்பையே எடுப்பது என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. ஆயுத பூஜையன்று பட்டறையிலும் கடையிலும் ஆட்டோவிலும் சந்தனம் குங்குமம் வைக்கும் பழக்கம் சொல்வதும் இதையே. நகையை இழந்தவர் அடுத்த நாளும் வேலைக்குப் போவார். கட்டிங் மெஷினை இழந்த டைல்ஸ் வேலைக்காரர் அடுத்த நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவரிடமிருந்து போவது ஒரு பொருள் மட்டுமல்ல, அவர் உழைக்கப்போகும் நாட்களும்தான். அதே தொழிலைச் செய்கிற இன்னொருவர் அந்த மெஷினைப் பாதி விலைக்கு வாங்கினால், தன்னைப் போன்ற ஒருவரின் கூலியைக் கழித்துத்தான் மிச்சம் பிடிக்கிறார்.

சட்டம் இதில் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதைப் பெறுவதையும் வைத்திருப்பதையும் குற்றம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 317-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டுக்கும் உச்ச தண்டனை அதே மூன்று ஆண்டுதான். அதே 317-ஆம் பிரிவில், திருட்டுப் பொருளை வாங்கி விற்பதையே வழக்கமாக வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை, அல்லது பத்து ஆண்டு வரை விதிக்கலாம். கேபிளை அறுத்தவரைவிட, ஊர் ஊராக அறுத்த கேபிளை எடைக்கு எடுத்தவர் பெரிய குற்றவாளி என்று சட்டம் கருதுகிறது. மின்கம்பி, மின்சாதனம் என்றால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு திருடியவரையும் 137-ஆம் பிரிவு வாங்கியவரையும் தனித்தனியே பிடிக்கின்றன. திருடு போன சில நாளிலேயே பொருள் ஒருவர் கையில் இருந்து, அதற்கு அவரால் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவிலும் புதிய சட்டத்தின் 119-ஆம் பிரிவிலும் இதற்கு விளக்கமே இருக்கிறது.

தெரியாமலே வாங்கியவர் சிறைக்குப் போக மாட்டார், ஆனால் பொருளும் அவருடையதாகிவிடாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, தனக்கு இல்லாத உரிமையை விற்கிறவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. திருடனிடமிருந்து நாலு கை மாறி வந்தாலும், முழு விலை கொடுத்து வாங்கினாலும், மோட்டார் கிணற்றுக்காரருடையதே. இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த புது எண்ணமும் அல்ல. உரிமை இல்லாதவர் செய்யும் விற்பனையைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் தனியாகவே பேசுகிறது. தொலைந்த பொருளை ஒருவர் கையில் கண்டால், யாரிடமிருந்து வந்தது என்று அவர் காட்ட வேண்டும். காட்டினால் பழி விற்றவர் மேல் போகும். சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் இன்னும் நுட்பமானது. திருடாமை விரதம் பூண்ட இல்லறத்தார் எப்படியெல்லாம் அந்த விரதத்தில் வழுவலாம் என்று ஐந்து வழிகளை அது எண்ணுகிறது. திருடத் தூண்டுவதும் திருடிக் கொண்டுவந்ததை வாங்குவதும் அந்த வரிசையில் முதலில் நிற்கின்றன. கள்ள எடையும் கலப்படமும் பின்னால் வருகின்றன. திருடாமலே திருட்டில் பங்குபெற முடியும் என்பதைக் கடைவீதி தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. கழுகுமலைப் பாறையில் சமண உருவங்களைச் செதுக்கிய நாட்டில் இந்த எண்ணம் அந்நியமாக இருந்திருக்காது.

இவ்வளவுக்கும் பொதுவாக வரும் பதில், “எனக்கு எப்படித் தெரியும்?” என்பது. “அண்ணாச்சி, மோட்டார் ஒண்ணு கிடக்கு, பாதி விலைக்குத் தாரேன்” என்று ஒருவர் வருகிறார். “ஏது?” என்று கேட்டால், “அதெல்லாம் நம்ம சாமான்தான், நீங்க ஏன் கவலைப்படுதீய” என்கிறார். இங்கே பேச்சு முடிந்து பேரம் தொடங்கினால், வாங்குகிறவர் தெரியாமல் வாங்கினார் என்று சொல்ல முடியுமா? விலை சொல்கிறது, நேரம் சொல்கிறது, பில் இல்லாதது சொல்கிறது, பெயர்த்த தகடு சொல்கிறது. “நம்பக் காரணம்” என்று சட்டம் குறிப்பது இவற்றைத்தான். தெரியாமல் இருப்பதற்கும் தெரிந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்வதற்கும் நடுவே ஒரு கேள்வியின் தூரம்தான். கேள்வி கேட்க ஒரு நிமிஷமும் ஆகாது. கேட்காமல் இருப்பதால் பல ஆயிரம் மிச்சமாகிறது. அந்த மிச்சம்தான் கேட்காமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி. கேட்டும், பில்லைப் பார்த்தும், விற்றவர் முகவரியைக் குறித்துக்கொண்டும் ஏமாந்தவர் உண்மையிலேயே ஏமாந்தவர். அவருக்கும் பொருள் போகும், ஆனால் பழி சேராது.

அடுத்த பதில் வறுமையைக் காட்டுவது. அதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. புது மோட்டார் விலை சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. மெஷின் வாங்க முடியாமல் தினக்கூலிக்குப் போகிற தச்சர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து பில்லோடு வாங்கு என்று உபதேசம் செய்வது எளிது. ஆனால் திருட்டுச் சந்தை ஏழைக்கு உதவுகிறதா என்று பார்த்தால், கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஆளில்லாத மோட்டார் அறையும், பூட்டில்லாத சாமான் பெட்டியும் ஏழையுடையவை. வசதியுள்ளவர் கேமரா வைப்பார், காவலுக்கு ஆள் போடுவார், இன்ஷூரன்ஸ் எடுப்பார். திருடு போகும் சாமான் பெரும்பாலும் அதே வருமானத்தில் இருக்கிற இன்னொருவருடையது. ஓர் ஏழையின் மோட்டார் இன்னோர் ஏழைக்குப் பாதி விலைக்குக் கிடைக்கிறது, நடுவில் இருக்கிறவர் லாபம் பார்க்கிறார். இந்த வருஷம் மலிவாக வாங்கியவர் அடுத்த வருஷம் தன் கேபிளைப் பறிகொடுத்து முழு விலைக்குப் புதிது வாங்குகிறார். செகண்ட் ஹேண்ட் சந்தை கட்டாயம் வேண்டும். பழைய மோட்டாருக்குக் காயில் கட்டி இன்னும் பத்து வருஷம் ஓட்டுகிறவர்களால்தான் பாதி விவசாயம் நடக்கிறது. அந்தச் சந்தை நம்பிக்கையாக இருப்பது ஏழைக்குத்தான் முதல் தேவை. திருட்டுச் சாமான் கலந்தால், நேர்மையாக விற்க வந்தவரின் பழைய மோட்டாருக்கும் விலை இறங்கிவிடும்.

“நான் வாங்காவிட்டால் இன்னொருத்தர் வாங்குவார்” என்பது மூன்றாவது பதில். இதே வாதத்தை எந்தத் தவறுக்கும் சொல்லலாம் என்பது ஒரு புறம் இருக்க, உண்மையிலேயே ஒருவர் விலகுவதால் பயன் உண்டா என்று கேட்பது நியாயமே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் நகர நீதிபதியாக இருந்த பேட்ரிக் கோல்கூன், திருடர்களைப் பிடித்துத் தீராது, திருட்டுச் சாமான் வாங்குகிறவர்களைக் கட்டுப்படுத்தினால்தான் திருட்டு குறையும் என்று வாதாடினார். அந்த வாதத்துக்கு நம் காலத்தில் ஒரு சோதனை கிடைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 டிசம்பர் முதல், பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்காரர் உரிமம் பெறுவதையும் விற்கிறவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதையும் கட்டாயமாக்கியது. உலோகத் திருட்டு வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் செம்பு விலையும் இறங்கியது என்பது உண்மை. ஆனால் விலையின் பங்கைக் கழித்துப் பார்த்த அரசு ஆய்வும், விலை மட்டுமே காரணமல்ல, கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்றே முடிவு சொன்னது. திருடர்கள் மனம் திருந்தவில்லை. விற்கும் வாசல் குறுகியது, அவ்வளவுதான். ஒரு கடை மறுத்தால் அடுத்த கடை பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதுவும் மறுத்தால் நாற்பது கிலோமீட்டர். ஒவ்வொரு மறுப்பும் திருட்டின் செலவைக் கூட்டுகிறது, லாபத்தைக் குறைக்கிறது.

காற்றாலைக் கம்பெனியின் கம்பி, மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் என்றால் சிலருக்கு மனசு உறுத்துவதில்லை. முப்பந்தல் முதல் ராதாபுரம் வரை நிற்கிற காற்றாடிகளின் முதலாளிகள் எங்கோ இருக்கிறார்கள், மின்வாரியம் அரசாங்கத்துடையது, யாருக்கு நஷ்டம் என்ற நினைப்பு. நஷ்டம் யாருக்கும் இல்லாமல் போவதில்லை. டிரான்ஸ்பார்மர் நின்றால் முதலில் காய்வது பக்கத்துத் தோட்டம். மாற்று டிரான்ஸ்பார்மரின் விலை கடைசியில் கட்டணத்திலும் வரியிலும் வந்து நிற்கும். காற்றாலையில் கம்பி போனால் முதல் சந்தேகம் அங்கே ராக்காவலுக்கு இருக்கிற உள்ளூர்க்காரர் மேல்தான் விழும். அவர் வேலையும் போகும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கம்பெனிக் கம்பிக்குத் திறந்த கடை, விவசாயி கேபிளுக்கு மூடிக்கொள்ளாது. எரித்த பிறகு எது கம்பெனிச் செம்பு, எது தோட்டத்துச் செம்பு என்று யாராலும் பிரிக்க முடியாது. பெரியவர்களிடம் திருடினதை வாங்கலாம் என்று கிளம்புகிற கடை, சிறியவர்களிடம் திருடினதையும் வாங்கும் கடையாகவே முடியும்.

இனி வருவது கவனமாகக் கேட்க வேண்டிய மறுப்பு. கேள்வி கேள், சந்தேகப்படு என்று எல்லாரையும் கிளப்பிவிட்டால், சந்தேகம் யார் மேல் விழும்? சைக்கிளில் பழைய பேப்பரும் தகரமும் பொறுக்கி வருகிறவர் மேலும், கிழிந்த சட்டை போட்டவர் மேலும், சில ஊர்க்காரர்கள், சில சாதிக்காரர்கள் மேலும்தானே? இந்தப் பயத்துக்குத் தமிழ்நாட்டில் சரித்திர ஆதாரம் உண்டு. வெள்ளைக்காரர்கள் 1871-ல் கொண்டுவந்து, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல் எங்கே பிறந்தார் என்று பார்த்து, ஊர் ஊராக மக்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை வாங்கியது. சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து, 1952-ல்தான் நாடு முழுவதும் அது ஒழிந்தது. அந்தக் கொடுமையை வேறு பெயரில் கொண்டுவரக் கூடாது. அதனால்தான் கேள்வி ஆளைப் பற்றியதாக இல்லாமல் சாமானைப் பற்றியதாக இருக்க வேண்டும். தகடு எங்கே, பில் எங்கே, எந்தக் கிணற்றிலிருந்து கழற்றியது என்ற கேள்விகள் வேட்டி மடிப்புக் கலையாமல் காரில் வருகிறவரிடமும் கேட்கப்பட வேண்டும். கேள்வி எல்லாருக்கும் பொதுவானால் அதில் அவமானம் இல்லை. பதிவேடு இல்லாத கடையில்தான் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு நடக்கும். எழுதிவைக்கும் வழக்கம் வந்தால், பேப்பர் பொறுக்கி வருகிறவருக்கும் அது பாதுகாப்பு. நான் போட்டது இது, இந்தத் தேதியில் என்று காட்ட அவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். கோவலன் கையில் இருந்த சிலம்புக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதுரையில் கதை வேறாகியிருக்கும்.

பறிகொடுத்தவரே தன் பொருளைக் காசு கொடுத்து மீட்டால் அது என்ன கணக்கு என்ற கேள்வியும் இந்தச் சீமையில் பழையது. தென் மாவட்டங்களில் ஒரு காலத்தில் ஊர்க் காவல் முறை இருந்தது. காவல்காரருக்கு ஊர் கூலி கொடுக்கும். திருடு போனால் அவர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். எச்.ஆர். பேட் தொகுத்து 1917-ல் வெளியான திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் இந்த முறையைப் பேசுகிறது. முறை சீராக இருந்தவரை அது ஊருக்குப் பாதுகாப்பாக இருந்தது. அது சீர்கெட்ட இடங்களில் துப்புக்கூலி என்ற வழக்கம் தலையெடுத்தது: களவு போன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்ல ஒரு தொகை, கொடுத்தால் மாடு வீட்டுக்கு வரும். மாட்டுக்காரருக்கு வேறு வழி இல்லை; அவரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஒவ்வொரு துப்புக்கூலியும் அடுத்த மாட்டைக் களவாடத் தூண்டியது. லண்டனில் ஜோனதன் வைல்ட் என்பவர் இதையே பெரும் தொழிலாக நடத்தினார். திருடர்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, பறிகொடுத்தவர்களிடம் பொருளைக் காசுக்குத் திருப்பிக் கொடுத்தார். 1725-ல் அவர் தூக்கிலிடப்பட்டார். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும், திருடனைப் பிடித்துக்கொடுக்க முழு முயற்சி எடுக்காமல் பொருளை மட்டும் மீட்டுத் தரக் காசு வாங்குவது குற்றம். பழைய சட்டத்தில் 215-ஆம் பிரிவு, இப்போது 252. பறிகொடுத்தவருக்குச் சலுகை காட்டுகிற சட்டம்கூட, திருட்டைக் காசாக மாற்றும் நடு ஆளை மன்னிப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? செல்போனுக்கு ஒரு வழி ஏற்கெனவே வந்திருக்கிறது. பழைய போன் வாங்குமுன் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது முடக்கப்பட்டதா என்று பார்த்துவிடலாம். வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, எஞ்சின் எண், சேஸிஸ் எண் இருக்கின்றன. மோட்டாருக்கும் மெஷினுக்கும் வரிசை எண் இருந்தும், அதைச் சரிபார்க்க ஓர் இடம் இல்லை. காவல் நிலையமும் வேளாண்மைப் பொறியியல் துறையும் சேர்ந்து, களவு போன பம்ப் செட்டுகளின் எண்களை எல்லாரும் பார்க்கும்படி ஒரு பட்டியலாக வெளியிடுவது பெரிய செலவுள்ள காரியமல்ல. பழைய இரும்புக் கடைக்காரர்களும் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை, பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வரியைக் கடையே கட்ட வேண்டும். வரிக்கு எழுதுகிற அதே நோட்டில் விற்றவர் பெயரும் போன் எண்ணும் சாமானின் விவரமும் சேர்ந்தால் போதும். எரித்த கேபிள் செம்பை எடுப்பதில்லை என்று நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர், பணகுடிக் கடைகள் கூடி முடிவெடுத்து வாசலில் எழுதிப்போட்டால், எத்தனையோ ரோந்துகளைவிட அது பலன் தரும். மனசாட்சிக்குப் பயந்து ஒரு கடை மறுத்தால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகும். எல்லாக் கடையும் மறுத்தால் போக இடமிருக்காது. காயில் கட்டும் கடைகளும் பெயர்த் தகடு இல்லாத மோட்டாருக்குக் கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதி வேலை தோட்டக்காரர்களும் தொழிலாளிகளும் செய்ய வேண்டியது. உங்கள் மோட்டாரின் வரிசை எண்ணை இன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர்த் தகட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். தகட்டைப் பெயர்த்தாலும் அழியாதபடி, உடலில் வேறோர் இடத்தில் உங்கள் இனிஷியலையும் மின் இணைப்பு எண்ணையும் பொறித்துவிடுங்கள். வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். என்றாவது நீங்களே அதைப் பழைய சாமானாக விற்கும்போது அந்தப் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். களவு போனால் சின்னச் சாமான்தானே என்று விடாமல், எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். புகாரில் எண் இல்லாவிட்டால், பொருள் கிடைத்தாலும் உங்களுடையது என்று நிரூபிப்பது கடினம். பில்லும் இல்லாமல், தகடும் இல்லாமல், எங்கிருந்து வந்தது என்ற பதிலும் இல்லாமல் ஒரு மோட்டார் பாதி விலைக்கு வந்தால், அதை வாங்காதீர்கள்.